பி. ரம்லி: மறைந்த பிறகும் நிலைத்த வீடு

மலாய்த் திரையுலகின் முடிசூடா மன்னர் பி. ரம்லி, 1973 மே 29ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 44. கோலாலம்பூர், செத்தாபாக்கில் அவர் கடைசியாகக் குடியிருந்த வீடு இன்று நினைவகமாக நிற்கிறது.

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர் ரம்லி. தந்தை அச்சேயிலிருந்து வந்தவர். பாட்டுத் திறமையால் 1948இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்திற்குச் சென்றார். அங்கே இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். 1955இல் 'பெனாரேக் பேச்சா' மூலம் ரம்லியே இயக்குநரானார். நடிப்பு, இயக்கம், இசை, பாட்டு எல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

1964இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் காலம் மாறியது. வண்ணப் படங்கள் வந்தன, ரசிகர்கள் விலகினர், வாய்ப்புகள் சுருங்கின. வாழ்ந்த காலத்தில் கைவிட்ட நாடு, மறைந்த பிறகுதான் அவரைத் தேடியது. 1986இல் செத்தாபாக் வீடு நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பினாங்கில் அவர் பிறந்த மரவீடும் சீரமைக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

எல்லா வீடுகளுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒரு கட்டடம் பாரம்பரியத் தலமாகப் பதிவானால், பட்டா யார் பெயரில் இருந்தாலும், பாரம்பரிய ஆணையரின் அனுமதியின்றி அதை இடிக்க முடியாது. தேவையானால் அரசாங்கம் அதை வாங்கலாம், குத்தகைக்கும் எடுக்கலாம். ஆனால் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால், பதிவுக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும்.

பதிவு இல்லையேல் பாதுகாப்பும் இல்லை. தொழிலதிபர் சுவா செங் போக் 1929இல் ஜாலான் அம்பாங்கில் கட்டிய 'போக் ஹவுஸ்' மாளிகை, சட்டம் வந்த அதே ஆண்டு டிசம்பரில் தரைமட்டமானது.

தோட்டத் துண்டாடலில் லயத்து வீடுகளைப் பறிகொடுத்த சமூகத்திற்கு இந்த வலி புதிதல்ல. நம் தலைவர்கள், கலைஞர்கள், ஆசிரியர்கள் வாழ்ந்த வீடுகள் எத்தனை பதிவாகியுள்ளன என்பதை இப்போதே கேட்க வேண்டும். சுங்கை வேயிலிருந்து செத்தாபாக் வெகுதூரமில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.