கலங்கரைக் குடியில் பிறந்த கதைஞர்

தொலைக்காட்சியில் சிறுவர் நாடகமாகப் பன்முறை உலா வந்த கதை ‘புதையல் தீவு’. 1977-இல் பி.பி.சி. அதனை நான்கு பகுதிகளாக நடித்துக் காட்டியது. 1978-இல் ஜப்பானியர் 26 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராகத் தீட்டினர். ஒற்றைக் காலும் தோளிற் கிளியுமாக வரும் சில்வரைக் கண்டு அஞ்சியும் அன்பு கொண்டும் வளர்ந்தோர் பலர். அவனைப் படைத்தவரோ, நம்மைப் போலவே பாட்டன் தந்தையர் விருப்பத்தைச் சுமந்து பல்கலைக்கழகம் புகுந்த ஒரு மாணவர்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850 நவம்பர் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். கலங்கரை விளக்கம் கட்டுவதே அவர் குடும்பத் தொழில். கடல் மூடும் பாறை மீது பாட்டனார் எழுப்பிய பெல் ராக் விளக்கம் 1811-இல் ஒளிவிடத் தொடங்கியது. தந்தை தாமஸும் அத்துறை வல்லுநர். தம் ஒரே மகனும் விளக்கம் கட்டுவான் என்றே அவர் நம்பினார்.

மகனோ ஓயாத நெஞ்சுநோயாளி, உள்ளமெல்லாம் கதை. ஆயினும் பொறியியலில் அறிவு குறைந்தவரல்லர். விட்டுவிட்டு ஒளிரும் புதுவகை விளக்குப் பற்றி 1871-இல் அவர் அளித்த கட்டுரை வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே ஆண்டில்தான், எழுத்தே தம் தொழில் என்பதைத் தந்தையிடம் சொன்னார். தந்தை மனம் நொந்தார். சட்டமாவது பயிலுமாறு கேட்டுக்கொண்டார். மகன் இசைந்தார், 1875-இல் வழக்கறிஞரானார், ஆயினும் எழுத்தை விடவில்லை.

இயற்பியல் பயிலும் நான் இவ்விடத்தில் நூலை மூடிவைத்துச் சிந்திப்பதுண்டு. வீட்டார் காட்டிய வழியும் உள்ளம் காட்டும் வழியும் பிரியும் சந்தியில் நின்று கலங்காத மாணவர் நம் விடுதியில் எத்தனை பேர்?

1881-ஆம் ஆண்டுக் கோடையில் பிரேமர் என்னும் ஊரில் விடாமழை. மனைவியின் முன்மணத்து மகனான லாயிடுக்குப் பொழுதுபோக வேண்டும். ஸ்டீவன்சன் ஒரு தீவின் வரைபடம் தீட்டினார். படத்திலிருந்து கதை பிறந்தது. நாளுக்கோர் அத்தியாயம் எழுதிக் குடும்பத்தார்க்குப் படித்துக் காட்டினார். கேட்டோருள் தந்தை தாமஸும் ஒருவர்! முதியவர் குழந்தையாகிவிட்டார், மாலுமியின் பெட்டியில் இருந்த பொருள்களின் பட்டியலைத் தாமே எழுதித் தந்தார். பத்தாண்டுகளுக்கு முன் மகன் எழுத்தை நாடியதற்காக நொந்தவர், இப்போது அவ்வெழுத்திலேயே பங்கு கொண்டார். 1883-இல் கதை நூலாயிற்று.

நலம் தேடிக் கடல் கடந்த ஸ்டீவன்சன் 1890-இல் சமோவாத் தீவில் குடியேறினார். வல்லரசுகள் அம்மக்களுக்கு இழைத்த கேட்டை எழுத்தால் எதிர்த்தார். கதை சொல்வோர் எனப் பொருள்படும் துசித்தாலா என்னும் பெயரால் அவர்கள் அவரை அழைத்தனர். 1894 டிசம்பர் 3-ஆம் நாள் காலையிலும் நாவல் பணியில் இருந்தார். அன்று மாலையே மறைந்தார். வயது 44. சமோவா மக்கள் காட்டை வெட்டி வழி செய்து, வயேயா மலையுச்சிக்கு அவரைச் சுமந்து சென்றனர்.

நண்பர்களே, துறை மாறுவது குற்றமன்று. மாறிய துறையில் உழையாதிருப்பதே குற்றம். ஸ்டீவன்சன் இறுதிநாள் வரை உழைத்தார். பாட்டனாரின் விளக்கு கலங்களுக்கு வழிகாட்டியது. பேரனாரின் கதை இன்றும் சிறுவர் கண்களில் ஒளி ஏற்றுகிறது.