விதைநெல்லை அமுதாக்கிய இளையான்குடி மாறனார்

63 நாயன்மார்களுள் ஒருவரான மாறனார், இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் வாழ்ந்த உழவர் பெருமகனார் ஆவார். சுந்தரர் போற்றிய இவருடைய வரலாற்றை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தருளினார்.

வயல்வளம் நிறைந்த அவர் இல்லத்திற்கு அடியார்கள் நாள்தோறும் திரளாக வருவர். அனைவரையும் கைகூப்பி எதிர்கொண்டு, பாதம் விளக்கி, ஆசனமிட்டு, அறுசுவை அமுதளிப்பது மாறனாரின் நியமம். வறுமையிலும் அவர் இதனைக் கைவிடார் என்பதை உலகறியச் செய்ய இறைவன் திருவுளங் கொண்டார். செல்வம் சுருங்கியது, உள்ளம் சுருங்கவில்லை. உடைமைகளை விற்றும் கடன்பட்டும் தொண்டினைத் தொடர்ந்தார்.

மழை பொழிந்த ஒரு நள்ளிரவில் இறைவனே அடியார் வேடத்தில் வந்தருளினார். பட்டினியோடிருந்த அவ்வில்லத்தில் அரிசி இல்லை. இனிக் கடன் தருவாரும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வரலாம் என்று வழி கூறியவர் மாறனாரின் துணைவியாரே. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருளில் காலால் தடவிச் சென்று, நீரில் மிதந்த முளைகளை வாரி வந்தார். விறகில்லை என்றதும் வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துக் கொடுத்தார். அம்மையார் ஈரநெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கினார். கொல்லையிலிருந்து கணவர் பறித்து வந்த முற்றாத கீரையைப் பலவகைக் கறிகளாகச் சமைத்தார். அமுதுண்ண எழுப்பியபோது அடியார் சோதியாய்த் தோன்றி, உமையம்மையுடன் காட்சி தந்து, இருவருக்கும் பேரின்ப வாழ்வு அளித்தருளினார்.

விதைநெல் உழவனின் வருங்கால உணவு. அதனையே விருந்தாக்கிய நாயனாரின் குருபூசை ஆவணி மகத்தன்று நடைபெறுகிறது. அன்னதானத் தொண்டு புரியும் அன்பர்கள், வழிகாட்டி அடுப்பெரித்த அம்மையாரையும் அன்று மறவாது வணங்குதல் வேண்டும்.