வானத்துக்கு இடமளித்த ஓவியர்

உயர்ந்த மலைகள் இல்லை. அடர்ந்த பெருங்காடுகளும் இல்லை. கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சமவெளி. அதன்மேல் ஓயாது மாறும் வானம். ஹாலந்தின் கடலோர நிலம் இத்தகையது. அந்த எளிய நிலத்தைத் தம் தூரிகையால் உலகறியச் செய்தவர் யாக்கோப் வான் ராய்ஸ்டால்.

இவர் ஏறத்தாழ 1628ஆம் ஆண்டில் ஹார்லம் நகரில் பிறந்தார். தந்தை ஐசக் ஓவியங்களுக்குச் சட்டம் செய்பவர்; தாமும் ஓவியம் தீட்டியவர். சிற்றப்பா சாலமோன் பெயர்பெற்ற நிலக்காட்சி ஓவியர். வண்ணங்களுக்கு நடுவே வளர்ந்த யாக்கோப், 1648இல் ஹார்லம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார்.

அக்காலத்தில் சமயக் கதைகளையும் வரலாற்று நிகழ்வுகளையும் வரைவதே உயர்ந்த கலை எனப் போற்றப்பட்டது. நிலக்காட்சி ஓவியம் அதனினும் தாழ்ந்ததாகவே எண்ணப்பட்டது. ராய்ஸ்டால் அத்துறையையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

கண்டதை அப்படியே படியெடுப்பது அவர் நோக்கமன்று. 1650ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய எல்லையருகே பென்ட்ஹைம் கோட்டையைக் கண்டார். சிறு குன்றின்மேல் அமைந்த அக்கோட்டையை, ஓங்கிய மலைமீது நிற்பதாகத் தீட்டினார். தம் ஊரை வரைந்தபோது இதற்கு மாறான வழியைக் கையாண்டார். தொடுவானத்தைத் தாழ்த்தி, படத்தின் பெரும்பகுதியை வானத்துக்கே அளித்தார்.

1670களில் தீட்டிய ஹார்லம் காட்சியில், மணல்மேட்டின் அடியில் வெளுப்பதற்காக லினன் துணிகள் விரிக்கப்பட்டுள்ளன. மேகங்களின் இடைவெளியில் இறங்கும் கதிரொளி அவற்றின்மேல் படிகிறது. அருகிலுள்ள நிலமோ நிழலில் கிடக்கிறது. மேகம் சற்றே நகர்ந்தால் ஒளியும் இடம்மாறும். துணி வெளுப்போருக்கு வெயில் வேண்டும். காற்றாலை சுழலக் காற்று வேண்டும். வெய்க் ஊர்க் காற்றாலையை வரைந்த ஓவியத்தில் கருமேகங்கள் திரள, ஆற்றங்கரையில் ஆலை தனித்து நிமிர்ந்து நிற்கிறது. மக்களின் பிழைப்பு வானத்தைச் சார்ந்திருந்ததை இவ்வோவியங்கள் சொல்லாமல் சொல்கின்றன.

1650களின் பிற்பகுதியில் ராய்ஸ்டால் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். பின்னாளில் புகழ்பெற்ற மைண்டர்ட் ஹொபெமா அங்கு அவரிடம் பயின்றார். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ராய்ஸ்டால் 1682இல் மறைந்தார். அவருடைய உடல் ஹார்லம் நகரின் புனித பாவோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய ஹார்லம் காட்சிகளில் தொடுவானத்தில் உயர்ந்து நிற்பது அத்தேவாலயமே.

ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அவருடைய ஓவியங்களைப் படியெடுத்துப் பயின்றார். மேகங்களை மட்டுமே தனித்தனி ஓவியங்களாகவும் தீட்டினார். தாழ்ந்தது எனக் கருதப்பட்ட நிலக்காட்சி ஓவியம் ஐரோப்பியக் கலையில் உயரிடம் பெற்றது. அதற்கு வழியமைத்தோருள் ராய்ஸ்டால் முன்னிற்பவர்.