மயிலையில் சவேரியார் கேட்ட ஆசீர்

ஆசீர்வாதம் என்றதும் நம் மனம் முதலில் எங்கே போகிறது? பிள்ளைக்கு நல்ல வேலை, பெண்ணுக்கு நல்ல வரன், சொந்தமாய் ஒரு வீடு, நோயற்ற வாழ்வு. இவற்றைக் கேட்பது தவறன்று. பிள்ளைகள் தந்தையிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? ஆனால் கேட்டது கிடைக்காத வீட்டில் ஆசீர்வாதம் இல்லை என்று பொருளா? இதற்கு விடை தரும் ஒரு வாழ்வு நமக்கு அருகிலேயே சில மாதங்கள் நடந்தேறியது. அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வு.

1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நவார் நாட்டிலுள்ள சவியேர் கோட்டையில் உயர்குடியில் பிறந்தவர் அவர். பாரீஸ் நகரில் பயின்று, அங்கேயே போதித்து, பெரும் பதவிகளைக் கனவு கண்டவர். இஞ்ஞாசியாரின் நட்பு அக்கனவை மாற்றியது. 1534 ஆகஸ்டு 15ஆம் நாள், இஞ்ஞாசியாரோடும் மற்றும் ஐந்து தோழர்களோடும் இறைவனுக்குத் தம்மை வார்த்தைப்பாட்டால் கையளித்தார். பின்னர் எழுந்த சேசு சபைக்கு அதுவே வித்தாயிற்று.

1542 மே 6ஆம் நாள் கோவா வந்து இறங்கிய சவேரியார், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியை ஒலித்தபடி தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் கற்பித்தார். 1544 இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்தார்.

மகிழ்ச்சியை அடுத்துத் துயரம் வந்தது. மன்னார்த் தீவில் புதிதாய் மனந்திரும்பிய நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் கொல்வித்தான். அம்மக்களைக் காக்க அவர் எடுத்த முயற்சிகள் பலன் தரவில்லை. நாகப்பட்டினத்தில் காத்திருந்தார், காரியம் கைகூடவில்லை. தெற்கே திரும்பலாமென்றால் காற்றும் எதிர்த்தது. எல்லா வழியும் அடைபட்ட நிலையிலேதான் 1545ஆம் ஆண்டு அவர் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார்.

பங்குக் குருவின் இல்லத்தில் தங்கி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையருகே செபத்தில் ஆழ்ந்தார். தம் திட்டங்கள் நிறைவேற வேண்டுமென்று அவர் அங்கே மன்றாடவில்லை. இறைவனின் சித்தம் எதுவென்று தெரிய வேண்டுமென்றே மன்றாடினார். மனத்தில் தெளிவும், உள்ளத்தில் ஆறுதலும், கிழக்கே மக்காசர் தீவுக்குப் புறப்படும் துணிவும் அவருக்கு அருளப்பட்டன. ஆன்ம ஆசீர் என்பது இதுவே. அது அவரோடு நின்றுவிடவுமில்லை: யுவான் தெ எய்ரோ என்ற வணிகர் தம் வியாபாரத்தைத் துறந்து அவரோடு கப்பலேறினார்.

ஆனால் சவேரியார் மக்காசரை அடையவேயில்லை! மலாக்காவுக்கும், 1546இல் அம்போய்னாவுக்கும், 1549இல் ஜப்பானுக்கும் இறைவன் அவரை நடத்திச் சென்றார். இறுதியில் சீன நாட்டை நாடிச் சென்றவர், அக்கரை ஏறாமலே, 1552 டிசம்பர் 3ஆம் நாள் சான்சியான் தீவில், தம் 46ஆம் வயதில் உயிர் நீத்தார். உலகக் கணக்கில் பார்த்தால் கேட்டது கிடைக்காதவர். திருச்சபையோ 1622இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராகவும் போற்றுகிறது.

கிறிஸ்துவில் நாம் இறைவனின் பிள்ளைகளானதும், பாவ மன்னிப்புப் பெற்றதும், தூய ஆவியால் முத்திரையிடப்பட்டதுமே ஞான ஆசீர்கள் என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் சின்னப்பர் கற்பிக்கிறார். அவற்றுள் ஒன்றையும் வறுமையோ நோயோ நம்மிடமிருந்து பறிக்க இயலாது.

அன்பார்ந்த பங்கு மக்களே, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, தோமையாரின் நினைவைத் தாங்கிய பரங்கிமலையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் நம்மில் பலர். மலை கண்ணில் படும்போது, மயிலையில் முழந்தாளிட்ட சவேரியாரையும் நினைவுகூர்வோம். பூசை முடிவில் குருவானவர் நமக்கு ஆசீர் அளித்து, உடனே நம்மை அனுப்பி வைக்கிறார். பெற்ற ஆசீர் அயலாரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு அனுப்பப்படுகிறோம். வேலையிழந்த அண்டை வீட்டாரிடமும், மருத்துவமனையில் தனித்துக் கிடப்போரிடமும் அது நம் வழியாய்ச் சேரட்டும். அதுவே நாம் இறைவனிடம் கேட்கும் வரமாகுக!