நீலம் தாமதமாக வந்தது: டாக்டர் சுப்பாராவ்

லேபில் ஃபெர்ரிக் உப்புக் கரைசலில் தயோசயனேட் நாலு சொட்டு விட்டதும் ரத்தச் சிவப்பா ஒரு காம்ப்ளக்ஸ் வருதே, அதைக் கலரிமீட்டரில் வைத்து ரீடிங் எடுத்து கிராஃப் போடுகிறோமே, அதே மாதிரி ஒரு வேலையால் உலகப் பேர் வாங்கியவர் நம்ம சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் அளந்தது இரும்பை அல்ல, பாஸ்பரஸை. ஆனால் தத்துவம் ஒன்றுதான். நிறம் இல்லாததை நிறமுள்ளதாக்கி, அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்ப்பது.

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். வறுமையான வீடு. 13 வயசில் காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஓடியவரை அம்மாதான் பிடித்து வந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து பாஸ். (அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்கவும்!) பிறகு பிரசிடென்சி கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். சிறுசேரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

மாமனார் பண உதவியோடு 1923-ல் பாஸ்டன் போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவுகிற வேலையும் பார்த்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸ் அளக்கும் முறையை வெளியிட்டார். பாஸ்பேட் கரைசலில் அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, அதை ஒடுக்கினால் நீல நிறம் வரும். இன்று மாதிரி டிஜிட்டல் ரீடிங் அப்போது கிடையாது. அளவு தெரிந்த கரைசல் ஒரு குழாயில், தெரியாதது இன்னொரு குழாயில். கண்ணாடித் தண்டை ஏற்றி இறக்கி, இரண்டு நீலமும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணாலேயே ஒப்பிட வேண்டும். அந்த ஆழங்களை வைத்துக் கணக்குப் போட்டால் அளவு கிடைக்கும்.

இனிதான் விஷயம். தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலம் உரிய நேரத்தில் வந்து நிற்கவில்லை. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. நாமா இருந்தா ரீஏஜென்ட் சரியில்லை என்று எழுதி ரெக்கார்டை மூடியிருப்போம். அவர்கள் மூடவில்லை. ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அமிலத்தில் மெதுவாக உடைந்து அதை விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியாட்டின். வருஷம் 1927. இரண்டு வருஷம் கழித்து, உடம்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.-யையும் தசையிலிருந்து பிரித்தார்கள். அதே சமயம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகப் பிரித்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவருடைய சகோதரர்கள் இரண்டு பேரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டு போயிருந்தது. அந்த நோய்க்குப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தை அவர் குழுவே செயற்கையாகத் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கு நம்ம ஊர்ப் பக்கம் வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் குழுவின் வேலைதான். 1948 ஆகஸ்டில், 53 வயசில், அமெரிக்காவிலேயே இறந்தார். 1923-ல் கப்பல் ஏறியவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.