பாபநாச அருவியை வரைந்த டேனியல்

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகிறோம். தில்லிவாழ் தமிழராகிய நமக்கு அவர் இருவகையில் உறவுடையவர்.

1749-இல் கிங்ஸ்டன் நகரில், விடுதி நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணந்தீட்டும் தொழில் பயின்றார். லண்டனில் ஏற்றம் வாய்க்காமையால், உடன்பிறந்தாரின் மகனான வில்லியமை அழைத்துக்கொண்டு 1785-இல் கப்பலேறினார். சீனம் வழியாக மறு ஆண்டு கல்கத்தா சேர்ந்தார்.

1789-இல் இருவரும் தில்லி வந்தனர். ஜனக்புரியிலிருந்து விடுமுறைதோறும் நம் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டும் குதுப் மினாரை அவர்கள் வரைந்தனர். 1803-ஆம் ஆண்டு நிலநடுக்கம் அதனைச் சிதைக்குமுன் இருந்த தோற்றம் அது.

கல்கத்தாவில் தம் ஓவியங்களையே லாட்டரிக்கு வைத்துப் பொருள் திரட்டி, 1792-இல் சென்னை வந்திறங்கினர். மைசூர்ப் போர் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. பல்லக்குகளோடும் பணியாட்களோடும் தெற்கே புறப்பட்டு, மதுரையைக் கண்டு, நெல்லைச் சீமையை அடைந்து, பொதிகையடியில் பாபநாச அருவியின் எதிரே அமர்ந்தனர்.

கோபுரத்தை வரைவது வேறு. அருவியை வரைவது வேறு. கட்டடங்களின் அளவு பிறழாதிருக்க அவர்கள் இருட்டுப்பெட்டிக் கருவியைத் துணைக்கொண்டனர். கணந்தோறும் உருமாறும் வெள்ளத்திற்கு அக்கருவி என் செய்யும்? கண்ணும் கையுமே துணை. 1940-களில் மேலே அணையும் மின்நிலையமும் எழுந்தபின் தாமிரபரணி அளந்துவிடப்படும் ஆறாயிற்று. அவர்கள் கண்டதோ கட்டுண்ணாத பேராறு. நெல்லை அன்பர்கள் அப்படத்தை ஒருமுறையேனும் காணவேண்டும்.

1794-இல் லண்டன் திரும்பினர். செப்புத்தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரிக்கச்செய்து, நிழலின் அடர்வுக்கேற்பப் பலமுறை அதனையே மீண்டும் செய்து அச்சிடும் முறையில், 1795 முதல் 1808 வரை 144 படங்களை 'ஓரியண்டல் சீனரி' என வெளியிட்டனர். தகடுகளில் வில்லியம் உழைத்த உழைப்பு பெரிது. எனினும் ராயல் அகாடமியில் மூத்தவருக்கு 1799-இலேயே கிடைத்த இடம், இளையவருக்கு 1822-இல்தான் கிடைத்தது. இது நமக்குச் சிறிது உறுத்துகிறது.

தாமஸ் மணம் புரிந்துகொள்ளவில்லை. அருவியெதிரே உடனமர்ந்த வில்லியம் 1837-இல் மறைய, முதியவர் மேலும் மூன்றாண்டு உயிர்வாழ்ந்து 1840-இல் காலமானார்.