ஆலவட்டம் வீசிய அடியார்: திருக்கச்சி நம்பிகள்

பட்டு நெசவாலும் கோயில்களாலும் புகழ்பெற்ற காஞ்சி மாநகர், பண்டு கல்வியாலும் புகழ்பெற்றிருந்தது. கடம்ப குலத்து மயூரசன்மன் கல்வி நாடி இந்நகரின் கடிகைக்கு வந்தமையைத் தாளகுண்டாக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. அத்தகைய நகரில், எந்தக் கடிகையிலும் ஆசானாக அமராமல், தம்மை நாடி வந்த ஓர் இளைஞரை உரிய ஆசானிடம் சேர்ப்பித்த ஒருவர் வாழ்ந்தார். அவரே திருக்கச்சி நம்பிகள்.

நம்பிகள் 11-ஆம் நூற்றாண்டினர். பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் தோன்றியவர். அவ்வூரில் நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்து, காஞ்சி வரதராசருக்குச் சுமந்து சென்றார் என்பர். இன்றைய சாலைவழி அளந்தால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு அது. பின்னர்க் காஞ்சியிலேயே தங்கி இறைவனுக்கு ஆலவட்டம் வீசும் பணியை மேற்கொண்டார். வேள்வித் தீயினின்று தோன்றிய பெருமாள் என்பது தலபுராணம். அவ்வெம்மை தணிய விசிறியமை பொருத்தமே. வீசுகின்ற வேளையில் இறைவன் இவருடன் உரையாடுவான் என்று ஊரார் நம்பினர். குருபரம்பரை நூல்கள் வாயிலாகவே இவர் வரலாறு நமக்குக் கிடைக்கின்றது. அவை பத்தி நோக்கில் எழுந்தவை என்பதை மாணவச் செல்வங்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

கி.பி. 1017-இல் திருப்பெரும்பூதூரில் பிறந்தவராக மரபு கூறும் இராமானுசர், காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொருள்கோளில் பிணக்கு வளர்ந்தது. இறுதியில் பிரிவு நேர்ந்தது. கற்றவை மிகுதி, கைப்பிடித்து நடத்துவார் இல்லை என்னும் நிலையில் நின்ற இளைஞர் நம்பிகளை நாடினார். நம்பிகள் அவருக்கு நூல் எதனையும் எடுத்து விரித்துரைக்கவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் கொணர்ந்து வரதராசருக்கு அளிக்கும் பணியில் ஈடுபடுத்தினார். தருக்கத்தில் வல்ல அறிஞர் தோளில் குடம் ஏறிற்று. நம்பிகளின் வழிகாட்டும் திறம் இங்கேதான் வெளிப்படுகின்றது என்பது நம் கருத்து.

நாளடைவில் இராமானுசர் தம்மை மாணாக்கராக ஏற்குமாறு நம்பிகளை வேண்டினார். நம்பிகள் உடன்படவில்லை. அந்தணர் ஒருவருக்கு வணிகர் குலத்தவர் ஆசாரியராதல் வருணமுறைக்கு ஒவ்வாது என்றார். இதனை அவர்தம் பணிவு என்று மட்டும் போற்றிவிட்டுப் போவது முறையன்று. பணிவு இருந்தது, மெய். அப்பணிவைச் சூழ்ந்து அக்காலச் சமுதாயம் எழுப்பிய சுவரும் இருந்தது.

அச்சுவரை இராமானுசர் வேறு வழியில் கடக்க முயன்றார். நம்பிகளைத் தம் இல்லத்திற்கு விருந்துண்ண அழைத்தார். அவர் உண்ட மிச்சிலைத் தாம் உண்ணுதல் அவர் உள்ளக்கிடக்கை. நம்பிகள் அதனை உணர்ந்திருத்தல் கூடும். இராமானுசர் அவரை எதிர்கொள்ளச் சென்றிருந்த நேரத்தில் வேறு வழியாக வந்து, விரைந்து உண்டு, கோயிலுக்குத் திரும்பிவிட்டார். வீடு திரும்பிய இராமானுசர் கண்டது, கழுவி மெழுகிய தரையையும், புதிதாகச் சமைக்கப்பட்ட உணவையுமே. மனைவியார் தஞ்சமாம்பாள் வழக்கத்தை வழுவாது செய்திருந்தார். அவரை மட்டும் பழிப்பதற்கில்லை. அன்று பெரும்பாலான இல்லங்களில் நிகழ்ந்திருக்கக் கூடியதே அவ்வில்லத்திலும் நிகழ்ந்தது. ஆயினும் இராமானுசர் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று.

இதன்பின் இராமானுசர் தம் ஐயங்களை இறைவனிடம் கேட்டுச் சொல்லுமாறு நம்பிகளை வேண்டினார். நம்பிகள் கொணர்ந்த விடை ஆறு வார்த்தைகள் என வைணவ உலகில் வழங்கும். பரம்பொருள் யார், உயிருக்கும் இறைக்கும் உள்ள வேறுபாடு, சரணாகதியே வழி, இறுதி வேளையில் நினைவு வேண்டுவதில்லை, உடல் நீங்கும்போது வீடுபேறு என்பன ஐந்து. ஆறாவது, பெரிய நம்பியை ஆசாரியராக அடைக என்பது.

தம்மை நாடியவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாத பெருமை நம்பிகளுக்கு மட்டும் உரியதன்று. கிறித்தவத் திருச்சபையின் தொடக்க நாள்களில், எருசலேமின் சீடர்கள் சவுலைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது, பர்னபா என்பார் அவரை அழைத்துச் சென்று அப்போஸ்தலரிடம் சேர்த்தார் என நடபடிகள் நூல் கூறும். பின்னாளில் பவுலின் புகழ் பர்னபாவினும் ஓங்கிற்று. காஞ்சியிலும் அவ்வாறே ஆயிற்று.

இராமானுசர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட, பெரிய நம்பி காஞ்சி நோக்கி வர, இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தனர். ஏரி காத்த இராமர் கோயிலில் மகிழ மரத்தடியில் இராமானுசருக்கு ஐவகைச் சமயச் சடங்கும் நிறைவேறின. அவரை மாணாக்கராக ஏற்ற அதே பெரிய நம்பி, தாழ்த்தப்பட்ட குலத்தினராகிய மாறனேர் நம்பிக்கு ஈமக்கடன் ஆற்றி, சுற்றத்தாரின் ஏச்சுக்கு ஆளானவர். நம்பிகள் சுட்டிய ஆசான் இத்தகையவர் என்பது எண்ணத்தக்கது. இராமானுசரும் திருவரங்கத்தில் நீராடித் திரும்புகையில், உறையூர் மல்லராகிய பிள்ளை உறங்காவில்லிதாசரின் தோளைப் பற்றி நடந்தார். அதனைக் குறைகூறியவர் பலர்.

நம்பிகள் காஞ்சியிலேயே தம் பணியைத் தொடர்ந்தார். தேவராசாட்டகம் என்னும் எட்டு வடமொழிப் பாக்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. மாணாக்கர் கூட்டம் எதனையும் அவர் சேர்த்துக்கொண்டதாக நாம் அறியவில்லை. அவர் கையில் இருந்தது ஆலவட்டம் ஒன்றே.